90-களின் ‘ஒரே ஹிட்’ பாடல்கள்: ஒரு தகராறு, தீர்ப்பு சொல்லுங்கள்

நண்பர்களே, 90-களில் ஒரே பாட்டில் உலகம் முழுக்கப் பேசப்பட்டு, அப்புறம் காணாமல் போனவர்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். நண்பனோடு வாக்குவாதம் முற்றிவிட்டது.

‘மக்கரேனா’வில் சண்டையே இல்லை. 1996-ல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 14 வாரம் முதலிடம். பாடிய லாஸ் டெல் ரியோ இருவரும் 1960-களிலிருந்தே ஸ்பெயினில் பாடி வந்தவர்கள் என்பது வேறு கதை.

சிக்கல் அக்வா குழுவில்தான். 1997-ல் வந்த ‘பார்பி கேர்ள்’ தவிர வேறென்ன இருக்கிறது என்று அவன் அடித்துப் பேசுகிறான். ஆனால் பிரிட்டனில் அதற்குப் பிறகு ‘டாக்டர் ஜோன்ஸ்’, ‘டர்ன் பேக் டைம்’ இரண்டுமே முதலிடம் பிடித்தன. அமெரிக்காவை மட்டும் வைத்து அளப்பது என்ன நியாயம்?

நியூ ரேடிகல்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு இன்னும் குழப்பம். 1998-ல் ஒரே ஆல்பம், மறு வருடமே அதன் பாடகர் கிரெக் அலெக்சாண்டர் குழுவைக் கலைத்துவிட்டார். இரண்டாவது ஹிட்டுக்கு முயற்சியே செய்யாதவரை இதில் சேர்ப்பதா? எனக்கு மனசில்லை.

எந்த நாட்டுப் பட்டியலை வைத்து முடிவு செய்யலாம்? அப்படியே ‘டப்தம்பிங்’, ‘மம்போ நம்பர் 5’ இரண்டில் எது மேலே என்றும் சொல்லுங்கள். நான் ‘டப்தம்பிங்’ கட்சி.