கிளாரினெட் வகுப்பில் ஊதுவதுபோல் நடிக்கிறார்கள், என்ன செய்யலாம்?

பள்ளியில் கிளாரினெட் சொல்லித் தருகிறேன். 14 பிள்ளைகள், வயது 11, 12. ஆரம்பித்து 7 மாதம் ஆகிறது. வாரம் 2 வகுப்பு, 40 நிமிடம்.

சேர்ந்து வாசிக்கும்போது ஐந்தாறு பேர் விரலை மட்டும் அசைக்கிறார்கள், காற்றே விடுவதில்லை. மேல் சுரங்களுக்கு ஏற ஆரம்பித்த சமயத்தில் வந்த பழக்கம் இது. விரல் துளையைச் சரியாக மூடாவிட்டால் அங்கே கீச்சென்று கத்தும், எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் நான் ஒவ்வொரு முறையும் வாசிப்பை நிறுத்தி "யார் அது?" என்று கேட்டேன். ஊதாமல் இருந்தால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் தந்த பாடம் அது என்பதுதான் மனதை அறுக்கிறது.

பயந்து மெதுவாக ஊதுகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். காற்று குறைந்ததும் ரீடைக் (வாயில் வைக்கும் முனையில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய பட்டை) கடிக்கிறார்கள், கடித்தால் அது சரியாக அதிராது, மறுபடியும் கீச்.

2 மாதமாக நடுவில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். ரீடின் கடினத்தை இரண்டரை எண்ணிலிருந்து மென்மையான 2-க்கு மாற்றினேன். மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனைப் பகுதி) மட்டும் வைத்து நீளமாக ஊதும் பயிற்சியும் கொடுத்தேன். மும்மூன்று பேராக வாசிக்க வைத்தபோது ஒரு பிள்ளை அழுதுவிட்டாள், அன்றோடு அதை விட்டேன். தனியறையில் இதே பிள்ளைகள் நன்றாகவே ஊதுகிறார்கள், அதனால் கருவியில் கோளாறு இல்லை.

கூட்டத்தில் வாசிக்கும்போது தப்பு வந்தாலும் துணிந்து ஊத வைக்க, உங்கள் வகுப்பில் பலன் தந்த பயிற்சி எது?