சி டிரைவ் எக்ஸ்டெண்ட் ஆக மாட்டேங்குதா? அனுபவப்பட்டவங்க எல்லாம் இங்க வந்து சொல்லுங்க

கொங்குத்தம்பி:
லேப்டாப்ல 256 ஜிபி எஸ்எஸ்டி நிறைஞ்சு போச்சுன்னு 1 டிபி வாங்கி பழசை அப்படியே குளோன் பண்ணி மாட்டினேன், பூட் எல்லாம் ஜோரா ஆகுது, ஆனா சி மட்டும் அதே பழைய அளவு. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் பாத்தா வலது கடைசில கறுப்புப் பட்டை போட்டு கிட்டத்தட்ட 690 ஜிபி அன்அலோகேட்டட்னு (எந்த டிரைவுக்கும் ஒதுக்காத இடம்) சும்மா கிடக்கு. சி மேல ரைட் கிளிக் பண்ணா எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிப்போய் இருக்கு, அழுத்தவே முடியல.

விஷயம் என்னன்னா சிக்கும் அந்தக் காலி இடத்துக்கும் நடுவுல ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் கெட்டுப்போனா சரி பண்றதுக்கான ஃபைல் இருக்கிற டிஸ்க் பகுதி) உக்காந்திருக்கு. காலி இடம் சிக்கு வலப்பக்கம் ஒட்டினாப்ல இருந்தாதான் விண்டோஸ் சேத்துக்கும். காலி மனை நம்மளுதுதான், ஆனா நடுவுல அடுத்தவன் சந்து ஓடுனா சுவரை எப்படி நீட்டுறது, அந்தக் கதைதான். அந்த ரெக்கவரி மேல ரைட் கிளிக் பண்ணா ஹெல்ப்னு ஒண்ணே ஒண்ணுதான் வருது, டெலீட்டே கிடையாது. இலவசம்னு போட்டிருந்த ஒரு சாஃப்ட்வேர் எல்லாத்தையும் அழகா நகத்திக் காட்டிட்டு கடைசி அப்ளை பட்டன்ல காசு கேட்டுச்சு, போடான்னு மூடிட்டேன்.

அப்புறம் அட்மினா கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து முதல்ல ரீஏஜென்ட்சி டிஸேபிள் (reagentc /disable). இதை விட்டுடாதீங்க, இது ரெக்கவரி ஃபைலை சிக்குள்ள பத்திரமா திருப்பி வச்சிடும். அடுத்தது டிஸ்க்பார்ட் (diskpart, பார்ட்டிஷனை மாத்துற விண்டோஸ் கமாண்ட்), டிஸ்க்கை செலக்ட் பண்ணி லிஸ்ட் பார்ட்டிஷன், ரெக்கவரியை செலக்ட் பண்ணி திரும்ப லிஸ்ட் அடிச்சா அந்த வரிக்கு முன்னாடி நட்சத்திரம் விழும், அதைப் பாத்துட்டு மட்டும் டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு (delete partition override) அடிங்க. பழைய எஸ்எஸ்டி யூஎஸ்பில தொங்கிட்டு இருந்தா கழட்டி வச்சிடுங்க, சைஸைப் பாத்து மாறிப்போக வேணாம். இப்போ எக்ஸ்டெண்ட் தானா உயிர் வந்துடும்.

மதுரை_மானிட்டர்:
சூப்பர் ப்ரோ, ஆனா மொத்த இடத்தையும் சிக்கே கொடுத்துடாதீங்க, விசார்ட்ல எம்பி கணக்கு கேக்கும்போது ஒரு 1 ஜிபி குறைச்சுப் போட்டு கடைசில ரெக்கவரியை புதுசா போட்டு ரீஏஜென்ட்சி எனேபிள் கொடுங்க. 2024 ஜனவரில விண்டோஸ் 10க்கு கேபி5034441னு ஒரு அப்டேட் வந்துச்சே, ரெக்கவரி பார்ட்டிஷன் பத்தலைன்னு எத்தனையோ பேருக்கு 80070643னு எரர் அடிச்சுது, 250 எம்பி கூட்டிக்கோங்கன்னு மைக்ரோசாஃப்டே சொன்னாங்க. பார்ட்டிஷனுக்கு செட் பண்ற ஐடி நீளமா இருக்கும், அவங்க பக்கத்துல இருந்து காப்பி பண்ணுங்க, கையால அடிக்காதீங்க. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் என்கிரிப்ஷன்) இருந்தா முன்னாடியே சஸ்பெண்ட் பண்ணிட்டு அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வச்சிட்டு இறங்குங்க.

யூபிஎஸ்_இல்லாதவன்:
எனக்கு நடுவுல இருந்தது டி டிரைவ். டியை ஷ்ரிங்க் பண்ணா சிக்கு இடம் கிடைக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, கிடைக்காதுங்க, ஷ்ரிங்க் பண்ண இடம் டிக்கு அந்தப் பக்கம்தான் விழும். ஜிபார்ட்டட்ங்கிற (GParted) இலவச பார்ட்டிஷன் டூலை பென்டிரைவ்ல பூட் பண்ணி டியை வலப்பக்கம் நகத்தலாம், ஆனா அது டேட்டாவை ஒவ்வொண்ணா தூக்கி வைக்கிற வேலை, பழைய ஹார்ட் டிஸ்க்ல மணிக்கணக்கா ஓடும், நடுவுல கரண்ட் போச்சுன்னா முடிஞ்சுது. எங்க ஏரியா கரண்டை நம்பி அதெல்லாம் ஆகாதுன்னு டில இருந்ததை எக்ஸ்டெர்னல்ல காப்பி பண்ணி, டியை அழிச்சு, சியை வேணுங்கிற அளவு நீட்டி, மிச்சத்துல திரும்ப டி போட்டேன். சோம்பேறி வழிதான், ஆனா ராத்திரி தூக்கம் வந்துச்சு.

பெங்குயின்_பெரியப்பா:
நம்ம லினக்ஸ் பக்கம் இவ்ளோ கூத்து இல்லைப்பா. உபுண்டு சர்வர் எல்விஎம்ல (LVM, டிஸ்க் இடத்தை ஒரு பொதுக் குவியலா வச்சு வேணுங்கிறப்போ பிரிச்சுக் கொடுக்கிற முறை) போட்டா 100 ஜிபி டிஸ்க்ல பாதியைத்தான் ரூட்டுக்குக் (சிஸ்டம் இருக்கிற முக்கியப் பகுதி) கொடுக்கும், மிச்சம் வால்யூம் குரூப்ங்கிற அந்தக் குவியல்ல சும்மா கிடக்கும், மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே எல்விஎக்ஸ்டெண்ட் (lvextend), அடுத்து ரீசைஸ்2எஃப்எஸ் (resize2fs)னு ரெண்டு கமாண்ட், அவ்ளோதான். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ்னா (XFS) மட்டும் யோசிச்சு நீட்டுங்க, அது பெருசாகும், திரும்ப சின்னதாகாது.

கொங்குத்தம்பி:
மானிட்டர் அண்ணா சொன்ன மாதிரி 1 ஜிபி விட்டு ரெக்கவரி போட்டாச்சு, ரீஏஜென்ட்சி இன்ஃபோ எனேபிள்டுனு காட்டுது. யாராச்சும் 4 டிபி டிஸ்க்ல எம்பிஆர் (MBR, பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறை) வச்சிருந்தா முதல்ல அதை ஜிபிடிக்கு (GPT, புது முறை) மாத்துங்க, 2 டிபிக்கு மேல இருக்கிற காலி இடத்தை எம்பிஆர் தொடவே விடாது.