புதுப்பிப்பு: பேக்கேமனில் குற்றம் பகடை மேல் இல்லை

பேக்கேமனில் (இருவர் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம்) தொடர்ந்து தோற்கிறேன், பகடை எனக்கு மட்டும் ஏறுக்குமாறாக விழுகிறது என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்னபடி ஆட்டங்களை ஜிஎன்யு பேக்கேமன் என்ற, ஆட்டத்தை அலசித் தவறுகளைக் காட்டும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். மானம் போயிற்று.

பெரிய ஓட்டை டபுளிங் க்யூபில், அதாவது ஆட்டத்தின் புள்ளியை இரட்டிப்பாக்கக் கேட்கும் கட்டையில். எதிராளி இரட்டிப்பு கேட்டதுமே பயந்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஜெயிக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தாலே ஏற்கலாமே! நாலு ஆட்டத்தையும் விட்டால், ஆட்டத்துக்கு ஒன்றாக 4 புள்ளி நஷ்டம். ஏற்று, தலா 2 புள்ளிக்கு ஆடி, மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தாலும் (கேமன், அதாவது ஒரு காயைக்கூட வெளியேற்றாமல் தோற்கும் இரட்டைத் தோல்வி, ஆகாதவரை) அதே 4தான்.

அப்புறம், தனிக்காய், அதாவது ஓரிடத்தில் துணையில்லாமல் நின்று எதிரியிடம் அடிபடக்கூடிய காய். எதிரிக்கு 6 கட்டம் முன்னால் நின்றால் இரண்டு பகடையின் 36 வீச்சில் 17 அதை அடிக்கும். 7 என்றால் வெறும் 6. ஒரு கட்டம்தான் வித்தியாசம்!

பேக் கேம் (எதிரியின் வீட்டுப் பகுதியில் இரண்டு இடங்களைப் பிடித்துக் காத்திருந்து அடிக்கும் உத்தி) மட்டும் இன்னும் பிடிபடவில்லை.