மாடுலர் கிச்சனை நாமே போட்டபோது மனதில் நின்றுபோன சம்பவம்: உங்களுடையது எது?

மேடவாக்கம் மாடிவீடு

பட்ஜெட், அளவு, கலர் எல்லாம் பேசித் தீர்த்தாகிவிட்டது. எனக்கு இது ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

சைடன்ஹாம்ஸ் ரோட்டில் ஒரு ப்ளைவுட் கடை. வாங்குகிற ஷீட்டை அங்கேயே பேனல் சாவில் அறுத்துத் தருவார்கள். எல்லா அலமாரிப் பாக்ஸும் 18 எம்எம், 710 மரைன் (ஐஎஸ் 710 தரத்தில் வரும், தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்) என்று முடிவு செய்து, கட்டிங் லிஸ்ட்டோடு போனேன். ஆறு ஷீட் வரும் என்று கணக்கு. மெஷினில் நின்ற பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, "பிளேடு தின்றது கணக்குல இருக்கா சார்?" என்றான். ஒரு அறுப்புக்கு மூன்று மில்லி பொடியாகப் போகும், அது இருக்கிறது என்றேன். சரி என்று தாளைத் திருப்பி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தானே வரைய ஆரம்பித்தான். "பாக்ஸுக்கு உள்ள வெள்ளை லேமினேட்தானே ஒட்டுவீங்க? அப்ப மர ரேகை எந்தப் பக்கம் ஓடுனா என்ன? இந்த நாலு துண்டையும் குறுக்கப் போட்டா அஞ்சு ஷீட்ல முடிஞ்சிரும்." முடிந்தது. ஒரு ஷீட் மூவாயிரத்துக்கு மேல் விற்கிற காலம்.

பில் போடும் இடத்தில் முதலாளி ஐந்தா என்று கேட்டார். நான் சந்தோஷமாகக் காரணத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே திரும்பி, "உன்னை அறுக்கச் சொன்னனா, வரையச் சொன்னனா?" என்று ஒரு சத்தம். பையன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மெஷினைப் போட்டான். அதற்கப்புறம் கடைசித் துண்டை வண்டியில் ஏற்றும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். அட்வைஸ் வேண்டாம், சம்பவம் போதும்.

அஞ்சறைப்பெட்டி

எங்களுக்கு கேஸ் போட வந்த அண்ணன். கோவையில் பழைய வீடு. மேடைக்குக் கீழே முழுக்க நானும் என் தம்பியும் சேர்ந்து பாக்ஸ் அடித்து, நாலு இஞ்சு பிளாஸ்டிக் கால் வைத்து, முன்னால் அந்தக் கால்களை மறைக்க ஸ்கர்ட்டிங் பலகை மாட்டி, சிலிண்டருக்கும் அதே வரிசையில் ஒரு கதவு. பார்த்தால் எங்கே சிலிண்டர் இருக்கிறது என்றே தெரியாது. அந்தப் பெருமையில் இருந்தேன்.

அவர் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கி, வழக்கம்போல விளிம்பில் சாய்த்து உருட்டிக்கொண்டே வந்தார். ஸ்கர்ட்டிங்கில் வந்து டங்கென்று முட்டியது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுக்குப் படி கட்டினது யாருங்க?" கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவுக்குப் பக்கம். அறுபது வயது மனுஷன் அதைத் தூக்கி உள்ளே வைத்தார். வைத்துவிட்டுக் கதவின் கீழ்ப்பக்கத்தைக் காட்டி, "ஓட்டை கீழே போடுங்க. இது மேலே போற காத்து இல்ல, தரையிலதான் தங்கும்" என்றார். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அந்த ஒரு பாக்ஸுக்கு அடிப்பலகையும் இல்லை, ஸ்கர்ட்டிங்கும் இல்லை. வரிசை அழகு போய்விட்டது என்று தம்பிதான் இன்னும் புலம்புகிறான்.

நெல்லை ஆசாரிமகன்

முதலில் எழுதியவருக்கு: எல்லா பாக்ஸுக்கும் 710 எதற்கு? கடைக்காரர் திட்டினது பையனை, ஏமாற்றினது உங்களை. தண்ணீர் நிற்கிற இடம் சிங்குக்குக் கீழே மட்டும்தான். அங்கே மரைன் போடுங்கள். மற்ற இடத்துக்கு ஐஎஸ் 303 தரத்தில் வருகிற பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும் ரகம்) தாராளம். எம்ஆர் (ஈரப்பதம் மட்டும் தாங்கும் ரகம்) என்று போட்ட கமர்ஷியல் ப்ளை மட்டும் சமையலறைக்குள் வேண்டாம்.

இன்னும் சொல்கிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்பு ஏற்கெனவே நிற்கும். அதை உடைத்துவிட்டு உள்ளே மறுபடி ப்ளைவுட் பாக்ஸ் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கல்லை கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது. முன்னால் சட்டம் அடித்து ஷட்டர், அதாவது கதவு, மாட்டினால் பாதிச் செலவில் வேலை முடிந்தது. ஷட்டரையும் பிவிசி போர்டில் போட்டால் தண்ணீர் பயமே இல்லை. ஆனால் கொத்தனார் கட்டின திறப்பு மேலே ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, கீழே ஒரு அளவு இருக்கும். மூன்று இடத்திலும் டேப் பிடித்துச் சின்ன அளவை எடுங்கள். அதோடு விடாமல் மூலைக்கு மூலை குறுக்களவும் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் திறப்பு கோணல். ரசமட்டம் இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூடப் போடாதீர்கள். ட்ராயர் ஓடுகிற டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 எம்எம், ஆக உள் அகலத்தில் 26 கழித்தால் ட்ராயரின் வெளி அகலம். ஒரு நூல் கூடினால் ட்ராயர் இறுகும், குறைந்தால் ஆடும். கம்பிக் கூடை வாங்கினால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தத்தை வைத்துப் பார்த்தேன் ஒட்டவில்லை, அதனால் 304 என்று சிலர் சொல்வார்கள். 202 ரக ஸ்டீலிலும்தான் ஒட்டாது.

என் சம்பவம்: வேலை முடித்ததும் அப்பாவை அழைத்துக் காட்டினேன். நாற்பது வருஷம் உளி பிடித்தவர். ஒரே ஒரு ட்ராயரை இழுத்தார், மூடினார், ஹாலில் போய் உட்கார்ந்து காபி கேட்டார். அவ்வளவுதான்.

சேலத்து மருமகள்

ஆசாரிமகன் அண்ணா, பிவிசி ஷட்டர் பற்றி நீங்கள் இவ்வளவு தைரியமாகச் சொல்லக் கூடாது. தண்ணீருக்கு அசையாது, சரி. ஸ்க்ரூவைப் பிடிக்குமா? எங்கள் வீட்டில் உயரமான கதவுக்கு இரண்டே ஹிஞ்ச் (கீல்) போட்டுக் கொடுத்தார்கள். நாத்தனார் நிச்சயத்துக்கு வந்த பெரியம்மா ஒருவர் சர்க்கரை எடுக்கப் போனார். நான் திரும்பிப் பார்க்கும்போது கதவு முழுசாக அவர் கையில். சீர்த்தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிடக் கூடாதே என்று குரலைத் தணித்து, "எங்கம்மா வைக்கறது இத?" என்கிறார். நான் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இன்றைக்கும் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், "கதவு நல்லாருக்கா?" என்றுதான் விசாரிப்பார்.

உப்புத்தண்ணி ஏரியா

எனக்கு நடந்தது கடையில். எங்கள் வீட்டில் அளவெடுத்தது, வரைந்தது, 35 எம்எம் கப் ஹிஞ்சுக்குத் துளை போட்டது எல்லாம் நான். என் வீட்டுக்காரர் பலகையைப் பிடிப்பார், கூட்டிப் பெருக்குவார், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஹார்ட்வேர் கடைக்கு இரண்டு பேரும் போனோம். "எட்டு கிராங்க் ஆட்டோ ஹிஞ்ச், சாஃப்ட் க்ளோஸ், எட்டு ஜோடி" என்றேன். கிராங்க் என்றால் ஹிஞ்சின் வளைவு; ஜீரோ போட்டால் கதவு பக்கப் பலகையை முழுக்க மூடும். கடைக்காரர் அவரைப் பார்த்து, "ஜீரோ கிராங்க்தான சார் வேணும்?" என்றார். நடுத் தடுப்பு ஒன்றே, இரண்டு பக்கக் கதவும் அதில் பாதிப் பாதி ஏறி உட்கார வேண்டும், அதற்கு எட்டுதான் என்று நான் சொன்னேன். கடைக்காரர் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவர் ஒன்றும் பேசாமல் என் பக்கம் நகர்த்தினார். நான் பிரித்துப் பார்த்தேன், ஜீரோ. திருப்பி நகர்த்தினேன். கடைக்காரர் அடுத்த டப்பாவையும் அவர் முன்னால்தான் வைத்தார். கண்ணாடி மேசை மேல் அந்த டப்பா இப்படியே போய்வந்துகொண்டிருந்தது. கடைசியில் பில்லும் அவர் பேரில்.

பெங்களூரில் ஒருவன்

நாகசந்திரா ஐகியாவில் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து நானே கோத்தேன். கோப்பது சுலபம். மேல் அலமாரி தொங்குவதற்குச் சுவரில் ஒரு இரும்புத் தண்டவாளம் அடிக்க வேண்டும், அது மட்டம் தப்பினால் எல்லாமே தப்பும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிரில்லைப் போட்டதும் மேல்வீட்டுத் தாத்தா கதவைத் தட்டினார். கன்னடத்தில் திட்ட ஆரம்பித்தார். பாதியில் ரசமட்டத்தைப் பார்த்துவிட்டார். ரயில்வேயில் இருந்தவராம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சாயங்காலம்வரை அதைப் பிடித்துக்கொண்டு குமிழி நடுவுக்கு வரும்வரை ஒரு துளை போட விடவில்லை. அவர் மனைவி இரண்டு தடவை ஆள் அனுப்பினார், போகவில்லை.

அடுத்த வாரம் லிஃப்டில் பார்த்துச் சிரித்தேன். சத்தம் பற்றி அசோசியேஷனில் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

மேடவாக்கம் மாடிவீடு

ஆசாரிமகன், அட்வைஸ் வேண்டாம் என்று கடைசி வரியிலேயே எழுதியிருந்தேன். 710 போட்டது கடைக்காரர் சொல்லி இல்லை. எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் சமையலறைச் சுவரே ஊறி நிற்கும். மற்றபடி குறுக்களவு விஷயம் சரிதான்.

நெல்லை ஆசாரிமகன்

சுவர் ஊறினால் முதலில் சுவரைப் பாருங்கள். வெளிப்பூச்சில் எங்கே விரிசல், மேலே பாத்ரூம் இருக்கிறதா, பைப் எந்தப் பக்கம் இறங்குகிறது? ஊறுகிற சுவர்மேல் எந்த நம்பர் ப்ளை போட்டாலும் முதுகுப் பலகை பூஞ்சை பிடிக்கும். சுவரிலிருந்து ஒரு இஞ்சு தள்ளி நிறுத்தினீர்களா இல்லையா?

சேலத்து அம்மாவுக்கு: உயரமான கதவுக்கு இரண்டு ஹிஞ்ச் போட்டவர் மேல்தான் தப்பு, போர்டு மேல் இல்லை. மூன்றாவது போடுங்கள்.

அஞ்சறைப்பெட்டி

அப்பா அந்த ட்ராயரைப் பற்றி அப்புறமாவது ஏதாவது சொன்னாரா?

நெல்லை ஆசாரிமகன்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன். "எந்த ட்ராயர்?" என்றார்.

உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்: சிலிண்டர் பாக்ஸுக்கு மட்டும் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி மாட்டுகிற கிளிப்பில் போடலாம், வரிசையும் கெடாது. கீழே காற்றுக்குத் துளையை மட்டும் அடைத்துவிட வேண்டாம்.