ஃபோர்ஸ்டு டிஸ்பிளேஸ்மென்ட்: இடப்பெயர்வா, இடப்பெயர்ப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். போர், அணைக்கட்டு, வெள்ளம் என்று ஏதோ ஒன்றால் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வும், அந்த ஆய்வால் அரசுகளின் கொள்கை எப்படி மாறியது என்பதும்தான் பாடம். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்று ஃபோர்ஸ்டு டிஸ்பிளேஸ்மென்ட், இன்னொன்று பாலிசி இம்பாக்ட். முதலாவதற்குப் 'புலம்பெயர்வு' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

* * *

> 'புலம்பெயர்வு' என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம் அம்மா. அந்தச் சொல் இன்று டயஸ்போராவுக்கு, அதாவது அயல்நாடுகளில் பரவி வாழும் சமூகத்துக்கு, உரியதாகிவிட்டது. சங்கப் பாட்டிலும் துறைமுக நகரத்தில் வந்து கலந்து வாழ்ந்த அயல்தேசத்தாரைத்தான் 'புலம்பெயர் மாக்கள்' என்கிறார்கள். வற்புறுத்தல் எதுவும் அதில் இல்லை. எல்லோரும் எழுதும் 'கட்டாய இடப்பெயர்வு' போதுமே. இரண்டாவதற்குக் 'கொள்கைப் பயன்'.

* * *

ஐயா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். புலம்பெயர்வு வேண்டாம், சரி. ஆனால் 'கட்டாய' உறுத்துகிறது. கட்டாயக் கல்வி, கட்டாயப் பாடம் என்று சொல்லிச் சொல்லி, யாரோ விதி போட்டிருக்கிறார்கள் என்ற தொனி அதில் ஏறிவிட்டது. கட்டாயத் திருமணம் என்றும் சொல்கிறோம்தான். அங்கே கட்டாயப்படுத்தும் ஆள் எதிரிலேயே நிற்கிறார். குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடியவரை யாரும் 'போ' என்று சொல்லவில்லை. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்காக 1998இல் ஐ.நா.வில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், வலுவந்தமாக வெளியேற்றப்பட்டவர்களையும் வேறு வழியில்லாமல் வெளியேறியவர்களையும் ஒரே வரையறைக்குள் வைக்கின்றன. நம் சொல்லும் இரண்டையும் தாங்கவேண்டும்.

என் பரிந்துரை வெறும் 'இடப்பெயர்ப்பு'. பெயர்வு தன்வினை, பெயர்ப்பு பிறவினை. மொழி தானாகப் பெயர்வதில்லை, அதனால்தான் மொழிபெயர்ப்பு என்கிறோம். பெயர்ப்பு என்றதும் 'பெயர்த்தது யார், எது?' என்று கேட்கத் தோன்றும். முன்னால் அடைமொழி தேவையில்லை. வறட்சியால் போனவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிறவினைக்கு எழுவாய் மனிதராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லையே, புயல் மரத்தை வேரோடு பெயர்க்கிறதல்லவா? (இடப்பெயர்ச்சியை இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அது அவர்களிடமே இருக்கட்டும்.)

இடப்பெயர்ப்பு ஆய்வுத் துறை வளர்ந்ததும் 'பெயர்த்தது யார், எது?' என்ற அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். 1950களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் ஜாம்பெசி ஆற்றில் கரிபா அணை கட்டியபோது குவெம்பே டோங்கா மக்கள் சுமார் 57,000 பேரை அப்புறப்படுத்தினார்கள். நீர் ஏறுவதற்கு முன்பே, 1956இல், எலிசபெத் கோல்சன், தேயர் ஸ்கடர் என்ற மானிடவியலாளர்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதே மக்களிடம் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் போனார்கள். மூட்டைமுடிச்சு இறக்கிய அன்றோடு இழப்பு முடிந்துவிடுவதில்லை என்பதை அப்படித்தான் பார்க்க முடிந்தது. பிறகு மைக்கேல் செர்னியா என்ற சமூகவியலாளர் உலக வங்கிக்குள்ளேயே உட்கார்ந்து வாதாடினார். மீள்குடியமர்த்தல் பற்றிய வங்கியின் முதல் கொள்கை 1980இல் வந்தது. பெயர்க்கப்பட்டவர்களை வறுமையில் தள்ளும் எட்டு இடர்களையும் அவர் பின்னாளில் வரிசைப்படுத்தினார். நிலமும் வேலையும் வீடும் போவது எவர் கண்ணுக்கும் தெரியும். மேய்ச்சல் நிலம், காடு, குளம் போன்ற பொதுச் சொத்து கைவிட்டுப் போவதும், உறவும் அக்கம்பக்கமும் சிதறுவதும் அந்த எட்டில் உண்டு. ரொக்க இழப்பீட்டுக்குக் கணக்குப் போடுகிறவர் ஏட்டில் இவற்றுக்குப் பத்தியே கிடையாது.

இனி இரண்டாவது சொல். 'பயன்' என்றால் முன்கூட்டியே தீர்ப்பு எழுதியதாகிவிடும். கொள்கை 1980லேயே இருந்தும், வங்கி கடன் கொடுத்த நர்மதை ஆற்றுச் சர்தார் சரோவர் அணைத் திட்டத்தில் மீள்குடியமர்த்தல் ஒழுங்காக நடக்கவில்லை என்று வங்கியே நியமித்த மோர்ஸ் குழு 1992இல் சொன்னது. அடுத்த ஆண்டு கடன் நின்றது. 2016 ஜோர்டான் ஒப்பந்தத்தைப் பாருங்கள். சிரிய அகதிகளுக்கு வேலை அனுமதி, பதிலுக்கு ஜோர்டானுக்கு ஐரோப்பியச் சந்தையில் சலுகை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலெக்சாண்டர் பெட்ஸ், பால் கோலியர் முன்வைத்த யோசனைக்கு அதில் பங்குண்டு. ஆனால் தொழில் மண்டலங்களில் எதிர்பார்த்த அளவு வேலை கிடைக்கவில்லை என்றும், கிடைத்ததும் குறைந்த கூலிக்குத்தான் என்றும் ஆய்வாளர்களே விமர்சித்தார்கள். இதைப் பயன் என்பதா? 'கொள்கைத் தாக்கம்' என்றே இருக்கட்டும். புயல் செய்தி மாதிரி ஒலித்தாலும் நல்லது கெட்டது இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

* * *

இடப்பெயர்ப்பு பிடித்திருக்கிறது. ஆனால் ஆளை எப்படிச் சொல்வீர்கள்? 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்று 'படு' சேர்த்ததுமே மனிதர் சுமையாகிவிடுகிறார். 1982இல் ஆக்ஸ்ஃபோர்டில் அகதிகள் ஆய்வுக்கென்றே ஒரு மையம் தொடங்கிய பார்பரா ஹாரெல்-பாண்ட் வாழ்நாள் முழுக்கச் சண்டைபோட்டது இதற்காகத்தான். தெற்கு சூடானில் உகாண்டா அகதிகளிடையே அவர் ஆய்வு செய்தார். உதவி நிறுவனங்கள் அகதிகளைக் கையேந்துகிறவர்களாக மட்டுமே பார்க்கின்றன. முகாமுக்கு வெளியே தாமாகவே குடியமர்ந்து பிழைப்பவர்கள் அவற்றின் கண்ணில் படுவதில்லை என்றார். ஆகவே நிகழ்வுக்கு இடப்பெயர்ப்பு, ஆளுக்கு இடம்பெயர்ந்தோர். இரண்டும் ஒரே வாய்பாட்டில் இல்லையே என்று இலக்கணம் தெரிந்தவர்கள் திட்டினால், திட்டட்டும்.

* * *

எல்லோருக்கும் நன்றி. இடப்பெயர்ப்பு, கொள்கைத் தாக்கம் இரண்டையும் ஏற்றிவிட்டேன். ஆளுக்கு 'இடம்பெயர்ந்தோர்' என்றே எழுதுகிறேன். அணை, சுரங்கம், இழப்பீடு பற்றிய பகுதியில் மட்டும் 'இடம்பெயர்க்கப்பட்டோர்'. அங்கே யார் பொறுப்பு என்பது விட்டுப்போகக் கூடாது.

அப்புறம், ஹோஸ்ட் கம்யூனிட்டிக்கு, அதாவது இடம்பெயர்ந்து வருகிறவர்களுக்கு இடம் கொடுக்கும் ஊர்க்காரர்களுக்கு, என்ன போடலாம்? 'விருந்தோம்பும் சமூகம்' என்று ஓர் அறிக்கையில் பார்த்தேன். பத்து, இருபது ஆண்டு தங்குகிறவர் விருந்தாளியா? 'ஏற்பூர் மக்கள்' என்று எழுதிப் பார்த்தேன்; கொஞ்சம் செயற்கையாக இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.