மாடர்ன் ஆர்ட் கண்காட்சிய எப்படி பாக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சதும் அம்மாவ கூட்டிட்டு ஒரு மாடர்ன் ஆர்ட் கண்காட்சிக்கு போலாம்னு இருக்கேன், மூடறதுக்குள்ள ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும், அதுல எல்லாத்தையும் ஓடி ஓடி பாக்கறதா இல்ல நாலஞ்சு படத்தோட நிறுத்திக்கிட்டு நிதானமா பாக்கறதா?

கொஞ்சம் படிச்சு பாத்தேன். மாலேவிச்னு ஒரு ஓவியர் 1915ல ஒரு கறுப்பு சதுரத்த வரைஞ்சு, ரஷ்ய வீடுகள்ல சாமி படம் வைக்கிற மாதிரி மேல மூலையில மாட்டினாராம். டூஷாம்ப்னு இன்னொரு கலைஞர் 1917ல கடையில வாங்கின யூரினல்ல 'ஆர். மட்'னு கையெழுத்து போட்டு கண்காட்சிக்கு அனுப்பிட்டாராம்!! இந்த கதையெல்லாம் தெரிஞ்சப்புறம்தான் எனக்கு ஆர்வமே வந்துச்சு, சும்மா போட்டோவுல பாத்தப்ப ஒண்ணுமே தோணல.

அதான் டவுட்டு, மொதல்ல பக்கத்துல இருக்குற லேபிள படிக்கணுமா இல்ல படத்த பாத்துட்டு அப்புறம் படிக்கணுமா? ராத்கோ மாதிரி ஓவியருங்க அவங்களோட பெரிய படத்த கிட்டக்க நின்னுதான் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க, எல்லாத்துக்கும் அப்படியா? ஆடியோ கைடு எடுத்தா உபயோகமா?

அப்புறம் அம்மா "இத நானே வரைஞ்சிருவேனே"ன்னு கண்டிப்பா கேப்பாங்க (நியாயமான கேள்விதான்), அதுக்கு லெக்சர் அடிக்காம என்ன பதில் சொல்றது? அவங்களுக்கு முட்டி வலி வேற, உள்ள உக்கார பெஞ்சு இருக்குமான்னும் போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.