அம்மாவின் தலையில் நான்கு கட்டிகள், என் கையில் ஒரு ஃபைல்

அம்மாவுக்கு ஹெர்2 பாசிட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகை) மார்பகப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து மூன்று வருடம் நன்றாகவே இருந்தார். போன ஆடியில் காலை எழுந்ததுமே தலைவலி, வாந்தி, நடந்தால் ஒரு பக்கம் தள்ளியது. பித்தம் என்று பத்து நாள் இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தோம் (இந்த வகை பரவினால் மூளைக்கும் போகும் வாய்ப்பு அதிகம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது). எம்ஆர்ஐயில் நான்கு கட்டிகள், சிறுமூளையில் இருந்தது மூன்றரை சென்டிமீட்டர்.

முதலில் போன மருத்துவமனையில் ஆபரேஷன் செய்பவர் ஒன்று சொன்னார், கதிர்வீச்சு டாக்டர் தலை முழுவதற்கும் பத்து நாள் கொடுத்துவிடலாம் என்றார், கீமோ டாக்டரைப் பிடிக்கவே முடியவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்வது என் வேலையாக இருந்தது, பாதி வார்த்தை எனக்கே புரியாது. மூளை வீக்கம் குறைய டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். தலைவலி இரண்டு நாளில் இறங்கியது, ஆனால் அது சர்க்கரையை ஏற்றிவிடும், அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது அதை எழுதியவருக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் சர்க்கரை 430. அந்த ராத்திரியை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

அப்புறம் மாறிய இடத்தில் வாரம் ஒருநாள் ட்யூமர் போர்டு. எல்லாத் துறை டாக்டர்களும் உட்கார்ந்து அதே ஸ்கேனைப் பார்த்து ஒரே முடிவாகச் சொன்னார்கள். சிறுமூளைக் கட்டி மூளைநீர் போகும் வழியை அடைத்துவிடும், அதனால் அதை மட்டும் ஆபரேஷனில் எடுப்பது, எடுத்த குழிக்கும் மற்ற மூன்றுக்கும் ரேடியோசர்ஜரி (கத்தி வைக்காமல் அந்த இடத்துக்கு மட்டும் குறிபார்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சு), தலை முழுக்கக் கொடுத்தால் ஞாபகசக்தி அடிபடும் என்பதால் அதை இப்போதைக்குத் தள்ளிவைப்பது. மருந்தையும் மூளைக்குள் வேலை செய்யக்கூடியதாக மாற்றினார்கள். சர்க்கரை டாக்டரை முதல் நாளே கூப்பிட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றையும் கோர்த்தது ஒரு சிஸ்டர்தான். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, எந்தத் தேதியில் எவ்வளவு குறைப்பது என்று கையால் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அம்மாவின் வலது கை தானாகத் துடித்த இரவில் அவருக்குத்தான் போன் செய்தேன், "உடனே கூட்டிட்டு வாங்கக்கா, ஃபிட்ஸா இருக்கலாம்" என்றார், போய்ச் சேரும்போது டாக்டர் தயாராக நின்றார். வலி நிவாரண டாக்டரை ஆரம்பத்திலேயே வரச் சொன்னபோது மட்டும் எனக்குக் கோபம், கடைசி நேரத்தில்தான் அவரைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து "அவ்வளவுதானா?" என்று சண்டைக்கே போனேன். அந்த டாக்டர் அம்மாவின் தூக்கத்தைச் சரிசெய்தார், என்ன ஆசை என்று கேட்டார். வாசலில் உட்காராமல் கோலம் போடணும் என்றார் அம்மா. பிசியோதெரபி அதை வைத்தே நடந்தது.

பதில்:
உங்கள் பதிவைப் படித்து அழுதுவிட்டேன். என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், கட்டியில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது, மூளையில் சின்னதாக ஆறு புள்ளிகள், தொந்தரவு எதுவும் இல்லை. கதிர்வீச்சை உடனே கொடுக்காமல் அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்ப்போம், இரண்டு மாதத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, வளர்ந்தால் ரேடியோசர்ஜரி என்று குழுவாகவே முடிவெடுத்தார்கள். சும்மா விட்டுவிட்டார்களோ என்று நாங்கள் பயந்தபோது கதிர்வீச்சு டாக்டரே கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் காட்டி விளக்கினார். மூன்றாவது ஸ்கேனில் நான்கு புள்ளிகள் காணவில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்னதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை, இப்போது நான் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறேன். அம்மா கோலம் போட்டாரா?

பதில்:
போட்டார், ஐந்து புள்ளிக் கோலம். அடுத்த எம்ஆர்ஐ பதினெட்டாம் தேதி.